கத்தித் தோரணம்

பங்காளி,

இன்று காலையில் பக்கத்து வீட்டுக் கன்றுக்குக் கொம்பு சுட்டார்கள். காய்ச்சிய கம்பியைக் குருத்தில் வைத்ததும் அது கதறிய கதறல் தெருக்கோடி வரை கேட்டது. எனக்குச் சத்தம் பெரிதாகப் படவில்லை. ஓலைத் தட்டியைத் தாண்டி வந்த வாடைதான் பிடித்துக்கொண்டது. கொம்பு கருகும் வாடை. கடையில் உட்கார்ந்து ஒருவருடைய பேனாக்கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், அதைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு உன்னை வைதேன். கத்தி கொடுத்தவர் பயந்துபோய், "யாரங்க வையிறீங்க?" என்றார். "செத்துப்போன ஒருத்தனைங்க" என்றேன்.

செத்தவனை வையக் கூடாது என்பார்கள். எனக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. நீ இருந்தபோது முகத்துக்கு நேரே கேட்டதைத்தான் இப்போதும் கேட்கப் போகிறேன். நீ போன பிறகு நடந்ததும் கொஞ்சம் இருக்கிறது, அது உனக்குத் தெரியாது. அதையும் எழுதிவிட்டால்தான் மதியச் சோறு இறங்கும் போலிருக்கிறது.

பொன்னமராவதியில் சைக்கிள் கடைக்காரர் நமக்கு விட்டுக்கொடுத்த மூலை உனக்கு மறந்திருக்காது. ஒரு பலகை, ஒரு சாணைக்கல், கூர் தீட்ட ஒரு தோல்வார், மண்ணெண்ணெய் ஊற்றிய பீங்கான் கிண்ணம். கப்பலேறிப் போன செட்டியார்மார் ரங்கூனிலும் பினாங்கிலும் வாங்கி இடுப்பில் செருகி வந்த சீமைக் கத்திகள் அந்தப் பலகைக்கு வரும். மடக்கி வைத்து மறந்துபோய், துருவேறி, திறக்கவே திறக்காமல் வரும். தந்தப் பிடி, எருமைக்கொம்புப் பிடி, மான்கொம்புப் பிடி, அடேயப்பா, எத்தனை விதம்! நமக்கு யாரும் இந்த வேலையைச் சொல்லித் தரவில்லை. முதலில் நாலைந்து கத்திகளைக் கெடுத்தோம், அதில்தான் படித்தோம். திறக்கும்போது ஒரு டக், மடக்கும்போது ஒரு டக். அந்தச் சத்தம் திரும்பி வந்துவிட்டால் நம் இரண்டு பேருக்கும் அன்றைக்குத் தீபாவளிதான்.

அந்தச் சத்தத்தைக் கொடுப்பது கத்தியின் முதுகுக்குள் ஒளிந்திருக்கும் வில்பட்டை. அலகைத் திறந்தால் திறந்தபடி நிறுத்திப் பிடிப்பது அதுதான். துருப்பிடித்த கத்தியை நான் மண்ணெண்ணெயில் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். வாரக்கணக்கில் கிடக்கும். எண்ணெய் தானாக உள்ளே போய்த் துருவை இளக்கும். உனக்கு அது ஆகாது. கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "என்ன பங்காளி, அடை வச்சிருக்கியா? குஞ்சு எப்பப் பொரிக்கும்?" என்பாய். நான் வெளியே போன நேரம் பார்த்துக் கரி அடுப்பை ஊதி, இடுக்கியால் கத்தியைப் பிடித்து நெருப்பில் காட்டிவிடுவாய். கொம்புப் பிடி ஓரத்தில் கருகும். பிடியை ஒட்டிய அரக்கு உருகும், துரு உதிரும், வெற்றிலை மெல்லும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் வில்பட்டை சிவக்கச் சூடேறினால் அது செத்த மாதிரி. பார்க்க ஒன்றும் தெரியாது. வெளிப்பக்கத்தை நீ செங்கல் பொடி போட்டுத் தேய்த்துவிடுவாய். உள்பக்கம் மட்டும் கருத்துப்போய்க் கிடக்கும். ஒரு மாதம் அது டக் என்று பேசும். அப்புறம் ஒருநாள் எதையாவது நறுக்கும்போது அலகு தானாக மடங்கி விரலில் விழும்.

இதை நான் உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கடைசியில் ஒருநாள் சண்டை முற்றி, சாணைக்கல்லின் மேல் கை வைத்து நீயே சொன்னாய். "இனிமே நெருப்புப் பக்கம் கொண்டு போனா என்னயக் கேளு." கேட்கிறேன் பங்காளி. இப்போதும் கேட்கிறேன்.

திருமயத்துப் பக்கத்துச் செட்டியார் வீட்டு மூத்தவர் வந்தாரே, அவருடைய தகப்பனார் கத்தியோடு. மான்கொம்புப் பிடி, இரட்டை அலகு, இரண்டும் இறுகிக்கொண்டு திறக்கவில்லை. அந்தப் பெரியவர் காலமாகி முதல் படைப்பு வருகிறது. முன்னோருக்குப் படைக்கும்போது அவர் புழங்கிய பொருளையும் எடுத்து வைப்பது அந்த வீட்டு வழக்கம். "ஐயா தெனமும் எலுமிச்சம்பழம் நறுக்குன கத்திங்க. படைப்பன்னிக்கி இத வச்சுத்தான் நான் முதல் பழத்த நறுக்கி எலையில வைக்கணும். நீங்க நெருப்புக் காட்ட மாட்டீங்கன்னு சொன்னாக, அதான் ஒங்ககிட்டக் குடுக்குறேன்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிப் பலகையில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. கத்தியைக் கையில் கொடுத்தால் பகை வரும் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நான் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய். எல்லாம் முறைப்படி நடந்தும் பகை வந்தது.

கத்தி எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும்போது திருவரங்குளத்திலிருந்து ஆள் வந்தது. என் வீட்டுக்காரிக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உன்னிடம் என்ன சொன்னேன்?

"அதத் தொடாத பங்காளி. இன்னும் நாளு கெடக்கு. நான் வந்து பிரிக்கிறேன்."

"நான் எதுக்குத் தொடுறேன்? நீ போயி புள்ளையப் பாரு" என்றாய்.

என் மகளை முதல்முதலாகக் கையில் வாங்கிக்கொண்டு நான் திருவரங்குளத்தில் நின்ற நேரத்தில், நீ பொன்னமராவதியில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாய். இதை நினைக்காமல் அவள் பிறந்த நாளை என்னால் நினைக்க முடியவில்லை. அதையும் கெடுத்தவன் நீ.

திரும்பி வந்தபோது கிண்ணம் காலி. "அதுவா, தானா இளகிருச்சு பங்காளி. அவுக அவசரப்பட்டாக, குடுத்தனுப்பிட்டேன்" என்றாய். எண்ணெயிலா இளகியது என்று கேட்டேன். "பின்ன? ஒன் அடை பொரிச்சிருச்சு" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பிள்ளை பிறந்த சந்தோஷம், வேறென்ன? சர்க்கரை கொண்டுவந்து முதலில் உன் வாயில்தான் போட்டேன்.

படைப்பன்று அந்த வீட்டு ஆள் சைக்கிளில் வந்து நம் இரண்டு பேரையும் கையோடு கூட்டிப்போனான். வீட்டு வளவு முற்றத்துக்குள் நுழைந்தோம். அத்தனை உறவும் கூடி நின்றது. மூத்தவர் விரலில் துணி சுற்றியிருந்தார். பழத்தில் கத்தியை அழுத்தியதும் அலகு மடங்கி விரலைப் பிளந்துவிட்டது. ரத்தம் படையல் இலையில், பெரியவருக்குப் போட்ட சோற்றில் விழுந்துவிட்டது. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்காமல் மடியாகச் சமைத்த அத்தனையும் வீண். இனி எல்லாரும் தலைமுழுகி உலையிலிருந்து தொடங்க வேண்டும்.

பெரியவருடைய தம்பி கேட்டார், "யாரு பார்த்த வேலைப்பா இது?"

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"இவன்தாங்க பார்த்தான். நான் பிடியத் தேச்சதோட சரி."

வாய் கூசவில்லையே உனக்கு! மூத்தவரே என்னை நம்பித்தானே கொடுத்தார். அவர் கண்முன்னே வாங்கிக்கொண்டவன் நான். நான் என்ன சொன்னாலும் எடுபடாது என்று உனக்குத் தெரிந்திருந்தது. "பிரிச்சுக் காட்டுறேங்க, உள்முதுகப் பாருங்க, கருத்திருக்கும். நான் நெருப்புல வைக்கிறவன் இல்லைங்க" என்று கத்தினேன். "ரத்தம் பார்த்த கத்தியில கை வைக்காத" என்று தடுத்துவிட்டார்கள். அங்கேயே ஒருவன் அதைக் கொண்டுபோய்ப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டு வந்தான். எனக்கு இருந்த ஒரே சாட்சி அந்த வில்பட்டை. அதுவும் தண்ணீருக்குள் போயிற்று. பெரியவருடைய தம்பி என்னைப் பார்த்து, "எங்கண்ணன் எலையில ரத்தம் விழ வச்ச கை. வெளங்குமா இது?" என்றார்.

திரும்பும் வழியில் உன் சட்டையைப் பிடித்தேன். ஏன்டா என்றேன். நீ மழுப்பக்கூட இல்லை.

"ஒனக்குத் திருவரங்குளத்துல மாமனார் வீடு இருக்கு பங்காளி. எங்கிட்டாவது போயிப் பொழைச்சுக்குவ. இந்தப் பலகைய விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

அப்போதுதான் புரிந்தது. சைக்கிள் பின்னாலேயே நடந்து போகும்போதே நீ எல்லாவற்றையும் யோசித்து முடித்திருந்தாய். உன் சட்டை கிழிந்ததுதான் மிச்சம். ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. 'ரத்தக்கைக்காரன்' என்று எனக்குப் பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் என் முன்னால் கத்தியை வைக்கவில்லை. உன் பக்கம்தான் வைத்தார்கள், நீயும் கூசாமல் எடுத்துக்கொண்டாய். பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கப் போனவன் அப்படியே திருவரங்குளத்துக் கோயில் தெருவில் தங்கிவிட்டேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டு வாசலில் நின்று, நான்தான் நெருப்பில் வைத்தேன் என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

அப்புறம் ஜப்பான்காரன் சண்டை வந்தது, கடல்வழி அடைபட்டது. சீமைக் கத்தி வருவது நின்றுபோயிற்று. இருக்கிற பழையதையே எல்லாரும் தேய்த்துத் தீட்டி வைத்துக்கொண்டார்கள். பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள்கூடப் பாத்திரம் பண்டத்தை விட்டுவிட்டு மடியில் கத்தியோடு வந்தார்கள். உனக்கும் நல்ல வேலை, எனக்கும் நல்ல வேலை. அப்போது ஒரு பஸ் கண்டக்டர் கட்டை விரலில் கட்டோடு என் கடைக்கு வந்தார். கரும்பு சீவும்போது கத்தி மடங்கிவிட்டதாம். பொன்னமராவதியில் சரிபண்ணியதாம். ஆணியைத் தட்டிக் கழற்றிப் பிரித்தேன். உள்முதுகு கன்னங்கரேல் என்று இருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், என் மகள் முதல் தடவை அப்பா என்று கூப்பிட்டபோதுகூட எனக்கு அப்படியொரு சந்தோஷம் வரவில்லை. கண்டக்டருக்கு என்னிடமிருந்த நல்ல கத்தி ஒன்றைக் கொடுத்துவிட்டு அந்தக் கத்தியை வாங்கிக்கொண்டேன். ஒரு பக்கப் பிடியை மட்டும் எடுத்துவிட்டுப் பூட்டி, கருத்த பக்கம் ரோட்டைப் பார்க்க, கயிற்றில் கட்டிக் கடை வாசலில் தொங்கவிட்டேன். பிறகு இன்னொன்று வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. உன் கை எங்கெல்லாம் பட்டதோ அங்கிருந்தெல்லாம் வந்தது. எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்தேன்.

"என்னங்க, வாசல்ல தோரணம் கட்டியிருக்கீங்க?" என்று கோயிலுக்குப் போகிறவர்கள் கேட்பார்கள்.

"பொன்னமராவதியில ஒரு மகராசன் கைவேலைங்க. தொட்டுப் பாருங்க. வெரலு மட்டும் பத்திரம்" என்பேன்.

அவ்வளவுதான் சொல்வேன். உன் பேரைச் சொன்னதில்லை, ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னதில்லை. தொட்டவன் அலகை ஆட்டிப் பார்ப்பான், அது தொளதொளவென்று மடங்கும், அவனே உன்னை வைவான். அதைக் கேட்டுக்கொண்டு நான் பேசாமல் வேலையைப் பார்ப்பேன். கண்டக்டர் அந்தப் பக்கம் போய்வரும்போதெல்லாம் எனக்குச் சேதி கொண்டுவருவார். "அவரு பலகையில ஈ ஓட்டுறாருண்ணே" என்று அவர் ஒருநாள் சொன்னதும் கருப்பட்டிக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது டம்ளரும் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம்தான் நீ வந்தாய். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய அந்தப் பஸ்ஸிலிருந்து முகமெல்லாம் புகையப்பி இறங்கி, நேராக என் கடைக்கு வந்து, தோரணத்துக்குக் கீழே நின்றாய். ஒவ்வொன்றாகப் பார்த்தாய். எது யாருடையது என்று உனக்குத் தெரிந்திருக்கும். இளைத்துப் போயிருந்தாய். வா என்று நான் சொல்லவில்லை.

"பங்காளி, எம் பொண்ண இந்த ஊர்லதான் குடுக்கப் பேசியிருக்கு. மேலத்தெரு வீடு. அவுக இந்த வழியாத்தான் கோயிலுக்குப் போறாக வாராக. இதக் கழட்டிரு."

"அந்த வீட்டு வாசல்ல போயி நின்னு ஒரு வார்த்தை சொல்லு. நீ திரும்பி வாரதுக்குள்ள கழட்டிடுறேன்."

"நான்தான்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடப்பேன்? வேற என்ன வேணாலும் கேளு. அத மட்டும் கேக்காத."

"அப்ப நீயும் தோரணத்த மட்டும் கேக்காத."

அழுதுவிடுவாய் என்று நினைத்தேன். அழுதால் பார்க்கலாம் என்றுதான் கண்ணெடுக்காமல் இருந்தேன். நீ அழவில்லை. "சரி, வாரேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாய். பஸ் வர நேரமாயிற்று. அதுவரை நீ இருந்த பக்கம் நான் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தேன்.

மேலத்தெருக்காரர்கள் நல்ல மனிதர்கள், தோரணத்தைப் பார்த்து உன் பெண்ணை வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்யாணம் நடந்தது. அவள் தினமும் குடத்தோடு என் கடையைத் தாண்டித் தண்ணீருக்குப் போவாள். குழந்தையாக இருந்தபோது சித்தப்பா சித்தப்பா என்று என் முதுகில் ஏறிக்கொண்டு திரிந்த பெண், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். போகட்டும் என்றுதான் இருந்தேன்.

போன தை மாதம் உன் சாவுச் சேதி வந்தது. காய்ச்சல் என்றார்கள். நான் வரவில்லை. துக்கமும் இல்லை. மல்லுக்கு நின்றவன் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதைப் போல ஆத்திரம்தான் வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போய்விட்டாயே, பாவி! இனி நான் யாரிடம் போய்க் கேட்பேன்? அந்த வீட்டில் இன்றைக்கும் படைப்பு நடக்கிறது. படைப்புக்குப் படைப்பு ரத்தக்கைக்காரன் கதையைப் புதுமருமகள்களுக்குச் சொல்கிறார்களாம். அவர்கள் வாயில் நான் சாகிறவரை அப்படித்தான் இருக்கப் போகிறேன்.

நீ சாகிறவரை நடந்தது உனக்குத் தெரியும். இனி வருவதுதான் தெரியாதது.

உன் கருமாதி முடிந்து சில நாள் கழித்து உன் மகள் என் கடைக்கு வந்தாள். குடம் இல்லாமல் வந்தாள். மடியிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து அவிழ்த்து, நீ எப்போதும் இடுப்பில் செருகியிருந்த உன் சொந்தக் கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"அப்பா இத ஒங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க சித்தப்பா."

"என்ன சொல்லிக் குடுக்கச் சொன்னான்?"

"ஒன்னும் சொல்லலை. சித்தப்பாகிட்டக் குடுத்துருன்னாங்க. அவ்வளவுதான்."

நல்லது, தோரணத்தில் கடைசியாகத் தொங்கவிட இதைவிட எது பொருத்தம் என்று கறுவிக்கொண்டு எடுத்தேன். திறந்தேன். டக். மடக்கினேன். டக். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆணியைத் தட்டிக் கழற்றிப் பிரித்தேன். உள்முதுகு வெள்ளையாக இருந்தது, பங்காளி. ஒரு பொட்டுக் கருப்பு இல்லை. இடுக்கெல்லாம் எண்ணெய்ப் பசை. பிறந்ததிலிருந்து அது நெருப்பைப் பார்த்ததில்லை.

"இத எப்படிம்மா வச்சிருந்தான் ஒங்கப்பன்?"

"வருசா வருசம் பிரிச்சு மண்ணெண்ணெயில போட்டு வைப்பாங்க. வாரக்கணக்காக் கெடக்கும். அம்மா தெரியாம அடுப்போரம் வச்சாக்கூடக் கத்துவாங்க."

கேட்டுக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷமும் உன்னை நான் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? அவசரக்காரன், பொறுமை கெட்டவன், சொன்னால் மண்டையில் ஏறாதவன் என்று. ஏறியிருக்கிறது! நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஏறியிருக்கிறது. உன்னுடையதை எண்ணெயில் போட்டாய், ஊரானுடையதை நெருப்பில் போட்டாய். கெடும் என்று தெரிந்தேதான் அந்தப் பெரியவர் கத்தியையும் போட்டாய். உன்னை அன்றைக்கே சட்டையோடு விட்டது தப்பு.

என் முகத்தைப் பார்த்து அவள் பயந்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னாள். "அப்பாதான் நெருப்புல வச்சாங்கன்னு அம்மாகிட்டச் சொல்லியிருக்காங்க சித்தப்பா. நான் வேணா அந்த வீட்டுல போயிச் சொல்லட்டுமா?"

"நீ போயி ஏன்மா சொல்லணும்? ஒங்கப்பன் வாயால வந்திருக்கணும் அது. வேற யாரு சொன்னாலும் எனக்கு வேண்டாம்."

அவள் போகவில்லை. தலையை நிமிர்த்தித் தோரணத்தைப் பார்த்தாள். இந்த ஊருக்கு வாழ வந்த பிறகு அவள் அதை நேராகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"அப்ப அதக் கழட்டிருங்க சித்தப்பா. கட்டுனதுலேர்ந்து அப்பா ஒரே ஒரு தடவைதான் அதப் பார்த்தாங்க. நான்தான் தெனம் பாக்குறேன்."

உன் கண்ணில் குத்துவதற்காகக் கட்டியது. குத்தியது அவள் கண்ணில். நான் உன் கத்தியைப் பூட்டி, ஆணியை அடித்து, எழுந்து போய் அதன் அலகைத் தோரணக் கயிற்றில் வைத்தேன். மழையிலும் வெயிலிலும் கிடந்து இறுகிப்போன தேங்காய் நார்க் கயிறு. அறுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வைத்து இழுத்ததும் விட்டுவிட்டது. உன் கைவேலை அத்தனையும் சடசடவென்று ரோட்டில் விழுந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது தண்ணீருக்குப் போகும்போது, "சாப்பிட்டீங்களா சித்தப்பா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

தோரணம் போயிற்று என்றதும் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கழற்றியது அவளுக்காக. உன் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. மேலே எங்காவது உன்னைப் பார்த்தால் முதலில் சட்டையைத்தான் பிடிப்பேன்.

உன் கத்தி என் இடுப்பில்தான் இருக்கிறது. வெற்றிலைக் காம்பிலிருந்து மாட்டுக் கயிறு வரை எல்லாவற்றுக்கும் அதைத்தான் எடுக்கிறேன். தாட்சண்யம் பார்ப்பதில்லை. கொட்டைப்பாக்கை வைத்து அழுத்துகிறேன். மூங்கில் கணுவில் வைத்து முறுக்குகிறேன். விரலை வேண்டுமென்றே அலகுக்குக் கீழே வைத்துக்கொண்டு அழுத்துகிறேன். ஒரு தடவை மடங்கட்டும், ஒரு சொட்டு ரத்தம் வரட்டும், மறுபடி உன்னை வாசலில் தொங்கவிடலாம் என்று பார்க்கிறேன். அந்தப் பாழாய்ப்போன கத்தி இன்றுவரை என் கையில் மடங்கவில்லை.